மணி பெருத்த எஃகு

போன வாரம் பெரம்பலூரில் ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கையில் தேய்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூசுதாங்க?" என்றார். கூச்சமெல்லாம் இல்லை. அந்த வாசனைக்கு எனக்கு ஜெசிந்தா ஞாபகம்தான் வரும்.

பாடாலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு முதல் வேலை. எலக்ட்ரான் கற்றையால் எஃகைப் பற்றவைக்கும் மெஷின் என் பொறுப்பு. காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள் ஊசி போலக் கற்றை பாய்ந்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடும். வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற எனக்கு அந்த மெஷின் குலதெய்வம் மாதிரி. யாராவது குறை சொன்னால் பொல்லாத கோபம் வரும்.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் பல்சக்கரங்களைத்தான் பற்றவைத்தோம். ஒருமுறை புது எஃகு வந்தது. அதில் செய்த சக்கரங்கள் ஆறும்போதே 'டிக்'கென்று விரிசல் விட்டன. மெஷினையே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர் சார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெசிந்தா ஏலாக்குறிச்சிக்காரி, சோதனைக்கூடத்தில் இன்ஜினியர், என் வயசுதான். விரிசல் விட்ட துண்டைக் கண்ணாடி போலத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கொஞ்சம் அமிலம் கலந்து தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"வந்து பாருடி. பழைய எஃகு கேவுரு மாதிரி பொடிப்பொடியா இருக்கு. இது மக்காச்சோளம்."

"ரெண்டும் ஒரே எஃகுதானே?"

"சரக்கு ஒண்ணுதான், உள்ள மணிதான் பெருசு. கற்றை பட்ட எடம் சட்டுனு ஆறுறப்ப ரொம்ப இறுகிப்போயி வெடிச்சிடுது. ஒம் மெஷின் மேல தப்பில்லடி."

அவளைக் கட்டிக்கொண்டேன். மைக்ராஸ்கோப் கீழே விழாமல் தப்பியது அதிசயம்தான்.

எஃகை முதலில் உலையில் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் மணி பொடியாகும் என்றாள் ஜெசி. பற்றவைக்கும் முன்பும் லேசாகச் சூடேற்றச் சொன்னாள். சார் அரைமனதாகத் தலையாட்டினார்.

அப்படிச் செய்த முதல் சக்கரம் வெளியே வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம். திடீரென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

"என் வயிறும்மா," என்றார் சார். "காலைல சாப்புடல."

சக்கரத்தில் கீறல்கூட இல்லை.

பிறகு கம்பெனி கோவைக்கு மாறியது. ஜெசி ஓசூருக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மெஷின் நின்ற மூலையில் கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"கொஞ்சம் நவுருங்கம்மா, பின்னாடி ஆளு நிக்கிது," என்றது ஒரு குரல்.

நகர்ந்துகொண்டேன்.