யாருடைய குரலும் பொருந்தாத உதடுகள்

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள் என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன். ஒரு விஷயம் என் காதில் நுழைந்து வாய் வழியாக வெளியே வரும்போது கொஞ்சம் உப்பு, காரம் சேர்ந்துதான் வரும். ஆனால் இப்போது சொல்லப்போவதில் ஒரு சிட்டிகைகூட நான் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். அன்று நான் மாடியிலிருந்து இறங்கி வந்த முகத்தைப் பார்த்தவர் அவர். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, "என்ன ஆச்சு? ஏதாவது பேசேன்" என்று அவராகவே என்னைக் கெஞ்சிய நாள் அது.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போவது என்று சொல்வார்கள். எனக்கு நடந்தது மத்தியானம். வெளியே நல்ல வெயில். பேய்க்கு வேண்டியது இருட்டுதானே, அது என்ன கடிகாரமா கட்டிக்கொண்டு வருகிறது?

எங்கள் தலைக்கு மேல், மூன்றாவது மாடியில் 'கிளிக்' குடியிருக்கிறான், ஸ்டூடியோவும் அங்கேயேதான். கட்டடத்தில் எல்லோரும் வைத்த பெயர் அது. போட்டோகிராபர். சாதா போட்டோகிராபர் இல்லை, ஃபேஷன் போட்டோகிராபர். பத்திரிகை அட்டையில் கழுத்து நீண்ட பெண்கள் யாரோடோ கோபம் மாதிரி நிற்பார்களே, அந்தப் படங்கள். பஸ் நிறுத்தத்துச் செருப்பு விளம்பரம்கூட இவன் எடுத்ததுதான். கை நிறைய வேலை, வாசலில் கார், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இவனுக்கு சினிமா எடுக்கிற ஆசை வந்தது.

முதல் படம் ஐந்து நிமிஷம். ஒரு திரைச்சீலை ஆடும். அவ்வளவுதான். இரண்டாவது படத்தில் ஒரு மாடிப்படி. யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாவதுதான் பெரிய படம், நாற்பது நிமிஷம். அதை எடுக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் எதிர் வீட்டுப் பெண் கல்யாணமாகி, இரண்டு பெற்று, சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கே திரும்பியும் வந்துவிட்டாள். இவன் படம் மட்டும் முடியவில்லை.

கதை இதுதான். ஒரு பெண் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரேயடியாக வெளியேறப் போகிறாள். நாற்பது நிமிஷமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கடைசியில் கதவருகே வந்து, நம்மைப் பார்த்து, "நான் போயிட்டு வரேன்" என்பாள். திரும்பிவிடுவாள். படம் முடிந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தப் படமும்.

நடித்தவள் அவனிடம் இரண்டு வருஷம் மாடலாக இருந்த பெண். தேதி, நேரம் எல்லாம் கூட வருகிற ஏஜென்சிக்காரி பேசுவாள். இந்தப் பெண் வருவாள், நிற்பாள், போவாள். "தங்கமான பொண்ணுக்கா. எத்தனை மணி நேரம் நிக்க வச்சாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல" என்று கிளிக் புகழ்வான்.

சிக்கல் எங்கே என்றால், கடைசிக் காட்சியை அவன் சத்தம் பதிவு செய்யாமல் எடுத்துவிட்டான். எதிரே ஆள் உயர ஃபேன் ஓடியது. கூந்தல் பறக்க வேண்டுமாம்.

"வீட்டுக்குள்ள ஏது தம்பி புயல்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அழகுக்காகக்கா" என்றான். முகம் சுருங்கிவிட்டது.

ஃபேன் இரைச்சலில் எதுவும் கேட்காது, பிறகு குரல் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். பிறகு பார்த்தால் ஏஜென்சி மூடிக்கிடக்கிறது. அந்தப் பெண் எந்த ஊர், என்ன விலாசம், எதுவும் தெரியவில்லை. சரி, வேறு யாரையாவது பேச வைக்கலாம் என்று பார்த்தால் எந்தக் குரலும் உதட்டில் ஒட்டவில்லை. "போயிட்டு வரேன்" முடிந்த பிறகும் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நாடகக்காரி, ரேடியோக்காரி, பாட்டு டீச்சர் என்று பதினொரு பேர் பேசிப் பார்த்தார்கள். பதினொன்றும் வேறொருத்தி வாயைக் கடன் வாங்கிப் பேசியது மாதிரிதான் இருந்தது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் கட்டடத்தில் குளியலறைத் தண்ணீர்க் குழாய்க்கு வாயே உண்டு. மாடியில் பேசுவதை அப்படியே இறக்கிவிடும். நான் ஒட்டுக் கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும்படியாகக் கழுவினேன், அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலைல படவிழாவுக்கு அனுப்பக் கடைசி நேரம். அனுப்பலேன்னா?" இது அவன் மனைவி.

"அனுப்பிடுவேன்."

"அதான் கேக்கறேன். அனுப்பலேன்னா?"

நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு, "சட்டைக் கம்பெனி வேலைக்கே போயிடறேன். இனி சினிமா பேச்சே எடுக்கமாட்டேன். கேமரா மேல சத்தியம்."

"பெத்த பிள்ளை ரெண்டு இருக்கு. சத்தியம் மட்டும் கேமரா மேல!"

சட்டைக் கம்பெனி வேலை என்றால், தினமும் இருநூறு சட்டையை ஹேங்கரில் மாட்டி, நேராக ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். சாகும்வரை. அன்று மத்தியானம் அவன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது அந்த இருநூறு சட்டையும் அவன் முகத்தில் தொங்கின.

"அக்கா, மேல வந்து ஒரே ஒரு வரி பேசணும்."

"ஒரு வரிதானா?" என்று கேட்டேன். ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை.

"ஒரு வரியோட நிறுத்தணுமாம்" என்றார் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர். "யாரைக் கேக்கறோம்னு யோசிச்சுக் கேளு தம்பி."

ஆறு வருஷமாக அந்த ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏறினேன்.

ஜன்னல்கள் எல்லாம் கறுப்புத் துணியால் அடைக்கப்பட்டிருந்தன. சுவரெல்லாம் முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு. ஓரமாக உறை போட்ட உடுப்புகள் கம்பியில் தொங்கின, தலை இல்லாத ஆட்கள் வரிசையில் நிற்பது மாதிரி. மூலையில் அந்த ஃபேன். இறக்கையில் ஒட்டடை. பிளக் தரையில் கிடந்தது. கூட்டிப் பெருக்கி மாசக் கணக்காகியிருக்கும்.

சத்தம் பதிவு செய்கிறவனை 'காது' என்று கூப்பிட்டார்கள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஓடும் கோடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என் தலையில் ஹெட்போனை மாட்டினான். எதிரே சுவரில் அந்தப் பெண்ணின் முகம். அந்தச் சின்னக் காட்சி மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். பீப்... பீப்... பீப்... உடனே நான் பேச வேண்டும். பேசி முடித்ததும் அவள் கதவுப் பக்கம் திரும்புவாள். மறுபடி முதலிலிருந்து.

"நான் போயிட்டு வரேன்!"

"கூவி விக்கற மாதிரி இருக்கு" என்றான் காது.

"அக்கா, கொஞ்சம் அழகா சொல்லுங்க" என்றான் கிளிக்.

அழகாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். இழுத்துச் சொன்னேன். கால் கடுத்தது. எட்டாவது தடவை கிளிக் எழுந்துபோய் விளக்கு ஸ்டாண்டை ஓர் உதை உதைத்தான். அது விழுந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூட அவனுக்கு மனசில்லை.

"ஆறு வருஷம்கா. ஒரு வரி. ஒரே ஒரு வரி!"

பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் வெளியே போயிருந்த அவன் மனைவியிடமிருந்து போன். பேசிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் போனான். கனமான கதவு சாத்திக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது.

"இன்னொரு தடவை பார்ப்போம்கா" என்றான் காது.

படம் ஓடியது. அப்போதுதான் ஹெட்போனில் அந்த இரைச்சல் கேட்டது. ஹோ... என்று, பெரிய காற்று.

"தம்பி, ஃபேன் போட்டியா?"

"இல்லியே."

பார்த்தேன். ஒட்டடை அசையவில்லை. பிளக் தரையில்தான் கிடந்தது. ஹெட்போனைக் கழற்றினேன், நிசப்தம். மாட்டினேன், ஹோ...

"படத்துல சத்தம் வருதே."

"அதுல சத்தமே கிடையாதுக்கா. என் காதுல ஒண்ணும் வரல. பேசுங்க."

பீப்... பீப்... பீப்...

நான் பேசவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடுகள் அசைந்தன. நின்றன. இப்போது அவள் கதவுப் பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை.

காட்சி முடிந்து மறுபடி ஆரம்பித்தது. நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். உதடுகள் அசைந்தன. நின்றன.

இந்தத் தடவையும் திரும்பவில்லை. கண் மட்டும் நகர்ந்தது. இதுவரை நேராகப் பார்த்த கண், கொஞ்சம் இடப்பக்கம்... நான் நின்ற பக்கம்.

"தம்பி... திரையைக் கொஞ்சம் பாரேன்."

"கோடு ஓடுதுக்கா, பதிவாகுது. வேற எதுவும் பேசாதீங்க."

பீப்...

காற்றின் இரைச்சல் நின்றது.

பீப்...

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். என் இடது காதுக்குள்.

பீப்...

என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன்.

"நான் போகல..."

சின்னப் பெண்ணின் குரல். கரகரப்பாக. ரொம்ப நாள் திறக்காத கதவைத் திறக்கிற மாதிரி.

"இங்கேயேதான் இருக்கேன்."

திரையில் உதடுகள் நின்றன.

சரியாக, அதே இடத்தில்.

"அக்கா!" காது நாற்காலியைத் திருப்பினான். "ஒட்டிக்கிச்சு! வசனத்தை மாத்திட்டீங்க, ஆனா அச்சு மாதிரி உக்காந்திருக்கு! எப்படிக்கா குரலை இப்படி மாத்தினீங்க?"

என் கை இன்னும் வாயின் மேல்தான் இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நான் பிரமித்து நிற்பதாக நினைத்தானோ என்னவோ. போட்டுக் காட்டினான். அறை முழுக்க ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த கிளிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர்.

"போகலயா... ஐயோ, இதுதான்கா படம்! ஆறு வருஷமா தப்பான வரியை வச்சுக்கிட்டு முட்டிக்கிட்டிருந்தேன்!"

"தம்பி, அது நான் இல்ல."

"தன்னடக்கமெல்லாம் வேணாம்கா."

"நான் வாயே திறக்கல தம்பி. சத்தியமா."

"உங்க பேரைப் பெரிசா போடறேன்கா" என்றான். அவன் கண் திரையில் இருந்தது. அங்கே அவள் ஒழுங்காகக் கதவுப் பக்கம் திரும்பினாள், எதுவுமே நடக்காத மாதிரி.

நான் படி இறங்கினேன். மூன்று ஐம்பத்திரண்டு. அன்று ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க விடவில்லை. "உன் குரல்னுதானே அவங்களே சொல்றாங்க" என்றார் வீட்டுக்காரர். இந்தக் கட்டடத்தில் என் குரலை அடையாளம் தெரியாத பல்லிகூடக் கிடையாது. அது என் குரல் இல்லை.

மறுநாள் காலை படம் போனது. நான்கு மாதத்தில் விழாவில் தேர்வும் ஆனது. பத்திரிகையில் அந்தப் பெண்ணின் படம் வந்தது. சட்டைக் கம்பெனிக்காரன் வேறு ஆள் பார்த்துக்கொண்டான். கிளிக்கின் மனைவிகூடப் படிக்கட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்களால்தான் என்றாள். நான் என்ன சொல்வது? சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தற்செயலாக நான் வாசலில் நின்றபோது, ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் அந்தப் பத்திரிகைத் துண்டு. அதே நீண்ட கழுத்து.

"போட்டோ எடுக்கறவர் வீடு எதுங்க? இதுல இருக்கறது என் தங்கச்சி."

"அவ எங்கே போயிட்டாம்மா? மாடித் தம்பி தேடாத இடமில்ல."

"இறந்து மூணு வருஷம் ஆச்சுங்க. நெஞ்சுல நோய். இப்படி ஒரு படம் எடுத்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது."

நானே மேலே கூட்டிப் போனேன். கிளிக்கும் அவன் மனைவியும் செய்தி கேட்டு உறைந்து போனார்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. கடைசிக் காட்சியைப் போட்டான். அக்காக்காரி திரையையே பார்த்தாள். அந்த உதடுகள் அசைய அசைய இவள் உதடுகளும் கூடவே அசைந்தன, சின்ன வயதிலிருந்து பழகிய மாதிரி. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதையேதான் சொல்றா. ஒரு எழுத்து மாறல. நீங்க எழுதின வசனமா சார்?"

"இல்லீங்க" என்றான் கிளிக். "நான் எழுதினது வேற. ஃபேன் சத்தத்துல அவங்க பேசினது என் காதுல விழல. அப்பவே நிறுத்திட்டுக் கேட்டிருக்கணும்."

அவள் புரியாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"பேசினதா? ஏழு வயசுக் காய்ச்சல்லயே அவளுக்குக் குரல் போயிடுச்சே, சார். எனக்குத்தான் அவ வாயசைவு புரியும். ரெண்டு வருஷம் அவளைப் படம் எடுத்தீங்களே... உங்களுக்குத் தெரியாதா?"