அப்பாவை மட்டும் தனியா

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையிலதான் நான் போட்டோஷாப் கத்துக்கிட்டேன். படிப்பு முடிஞ்சு எட்டு மாசம் வேலை கிடைக்காம வீட்டுல உக்காந்திருந்தேன். கடை ஓனர் எங்க தெருக்காரர். "சும்மா கீறதுக்கு வந்து கத்துக்கோம்மா"ன்னார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுன்னு கலர் கலரா பேனர் செய்யப்போறேன்னு குஷியா போனேன். மண்ணாங்கட்டி! முதல் நாள் என் எதிர்ல திறந்த படம், மூக்குல குழாய் சொருகி ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்த ஒரு பெரியவர்.

"செத்துட்டார். இந்த டியூப மட்டும் எட்த்துடு"ன்னார் ஓனர்.

ஹீலிங் பிரஷ் எனக்கு அப்படித்தான் அறிமுகம். ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டு நல்லா இருக்கிற தோல்ல ஒரு கிளிக். அப்புறம் வேண்டாத இடத்துல தேய்ச்சா அந்தத் தோல் வந்து மூடிக்கும். அவர் கன்னத்துல இருந்து எடுத்து உதட்டு மேல தேய்ச்சேன். டியூப் போச்சு, பாதி மீசையும் போச்சு. "அடிப்பாவி, கன்ட்ரோல் இசட் போடு!"ன்னு ஓனர் கத்தினார். போட்டேன். மீசை வந்துச்சு, கூடவே டியூப்பும் வந்துச்சு.

எங்க பக்கம் ஒருத்தர் போயிட்டா அரை நாளுக்குள்ள தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் நின்னாகணும். இல்லைன்னா சொந்தக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. ஆனா தனியா ஒரு நல்ல போட்டோ யார் எடுத்து வெச்சிருக்கா? எல்லாம் கல்யாண வீட்டுல கும்பலோட நிக்கிறதுதான். அதனால ஆளைச் சுத்தி கோடு போட்டு வெட்டி எடுக்கிறதுதான் அங்க முக்கியமான வேலை. லாஸோங்கிற டூல்ல ஒரே இழுப்பா வெட்டினா காது பிஞ்சு வரும், பென் டூல்ல ஒவ்வொரு புள்ளியா வெச்சுப் போனா சுத்தமா வரும். மூணு வாரத்துல கை படிஞ்சிடுச்சு.

நரையைத் தொடாதே, தழும்பைத் தொடாதே, கலரைக் கூட்டாதேன்னு ஓனர் தினமும் ஓதுவார். நான்தான் கேட்கலை. ஒருத்தர் கன்னத்து மச்சத்தை அழுக்குன்னு நினைச்சு எடுத்துத் தொலைச்சேன். பேனரைப் பார்த்த அவர் சம்சாரம் நடுத்தெருவுல நின்னு, "இது எங்க ஊட்டுக்காரரே இல்ல, அவர கொண்டாங்க"ன்னு கதறினாங்களாம். வேற அடிச்சுக் கொடுத்தோம். அந்த அம்மா சொன்னதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

அப்புறம்தான் அந்த ஃபோல்டரைப் பார்த்தேன். அதுக்கு வெயிட்டிங்னு பேர். உள்ளே ஏழெட்டு அஞ்சலி பேனர், எல்லாம் முடிச்சது. தோற்றம்னு போட்டு பிறந்த தேதி இருக்கு. மறைவுன்னு போட்டு எதுவும் இல்லை. டாக்டர் கையை விரிச்சதும் வீட்டுக்காரங்களே போட்டோ அனுப்பி, ரெடியா இருக்கட்டும்னு சொல்லிடுவாங்களாம். "ச்சீ, உயிரோட இருக்கிறவங்களுக்கா? என்ன ஜென்மங்க அண்ணே இது!"ன்னு குதிச்சேன். ஓனர் கோவப்படலை. "அன்னிக்கி அழுவுறதா, போட்டோ தேடறதா? சொல்லு"ன்னார்.

அந்த ஃபோல்டர்ல இருந்த ஒருத்தரை ஒரு நாள் நெமிலிச்சேரி பிளாட்பாரத்துல பார்த்தேன். பெஞ்சுல உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்து, "டிரெயின் போயிடுச்சாம்மா?"ன்னு கேட்டார். விறுவிறுன்னு அந்தப் பக்கம் போயிட்டேன்.

அந்த சமயத்துலதான் எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத் ஓட்டுறவர், ஒரு நாள் லீவு போட்டதில்லை. மூணு இடத்துல அடைப்புன்னாங்க. வியாழக்கிழமை ஆபரேஷன்னு முடிவாச்சு. "ஒண்ணும் ஆகாது, டாக்டர் சொல்லிட்டார்"னு என் அண்ணன் எங்ககிட்ட அடிச்சுச் சொன்னான். நானும் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம். ஓனர் பேனர் கட்ட ஆவடி போயிருந்தார். கடையோட வாட்ஸ்அப் எப்பவும் என் எதிர்ல இருக்கிற கம்ப்யூட்டர்லதான் திறந்திருக்கும். அது என் அண்ணனுக்குத் தெரியாது. டிங்னு ஒரு போட்டோ வந்து விழுந்துச்சு. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துல எடுத்தது. அப்பா சேர்ல உக்காந்திருக்கார், அம்மா பக்கத்துல நின்னு அவர் தோள்ல கை வெச்சிருக்காங்க. கீழே அண்ணன் எழுதியிருந்தான்: "அப்பாவை மட்டும் தனியா எடுத்து வைங்கண்ணா. வியாழக்கிழமைக்குள்ள. தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

கிழி கிழின்னு கிழிக்கணும்னுதான் அவனுக்குப் போன் போட்டேன். "நீயெல்லாம் மனுஷனாடா?"ன்னு கத்தினேன். "டாக்டர் என்னான்ட மட்டும் வேற சொன்னார். நான் இன்னா பண்ணுவேன்?"னு அழுதான். எங்க அண்ணன் அழுது நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. போனை வெச்சுட்டேன்.

ஓனர் வந்து செய்யட்டும்னு விட்டிருக்கலாம். மனசு ஒத்துக்கலை. அப்பாவை இன்னொருத்தர் வெட்டக் கூடாதுன்னு நானே பென் டூலை எடுத்தேன். காது, கழுத்து, சட்டைக் காலர்னு ஒவ்வொரு புள்ளியா வெச்சேன். தோள்ல வந்து நின்னேன். அங்க அம்மாவோட நாலு விரல். சட்டைத் துணியில ஆல்ட் கிளிக் பண்ணி, விரல் விரலா மூடினேன். துணியோட கோடுகூட விலகாம சேர்ந்துச்சு. நான் செஞ்சதுலயே பிசிறு இல்லாத வேலை அதுதான். செஞ்ச கையை வெட்டிப் போடலாம் போல இருந்துச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு அப்பா பொழைச்சுக்கிட்டார். சாமிக்கு நான் வேண்டினதெல்லாம் சொன்னா நாள் பத்தாது. வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம், பொழுது போகலைன்னு அண்ணன் போனை வாங்கி நோண்டிக்கிட்டிருந்தவர் திடீர்னு என்னைக் கூப்பிட்டார். போன்ல அந்தப் படம். சரியா இருக்கான்னு பார்க்க ஓனர் அண்ணனுக்கு அனுப்பினது, அந்த மடையன் அழிக்கலை.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்பா." பொய் சொல்ல அந்த நேரத்துல ஒண்ணும் தோணலை.

ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்கி, தோள் கிட்ட கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார்னு நின்னேன். திட்டியிருந்தா தேவலை. சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா கீதும்மா. இதையே வெச்சிக்கோ. அப்பால வேற தேடிகினு அலையாதீங்க."

சரின்னு தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பனும் பொண்ணும் அங்க இன்னா குசுகுசுன்னு பேசிகினு கீறீங்க?"ன்னு அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாங்க.

"ஒண்ணுமில்ல, போட்டோ பாத்துகினு கீறோம்"னார் அப்பா.