உள்ளே கிடக்கும் பைலட்

போன வெள்ளிக்கிழமை என் மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரவத்தின் வாசனை கூடத்தைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியதும் நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு மல்லிகை, மழைபட்ட மண் என்று ஏதாவது கௌரவமான வாசனையில் பழைய ஞாபகம் வரும். எனக்கு அசிட்டோனில் வருகிறது. என்ன செய்வது, என் ராசி அப்படி.

மேல்தட்டில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் ஜெட் விமானம். ஒரு சாண் நீளம். ஒரு காலத்தில் வெள்ளி நிறம், இப்போது வெற்றிலை போடுகிறவர்களின் பல் நிறம். மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால் இருக்கை காலி. ஆனால் தூசி தட்ட எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கடகடவென்று உருளும். மகள் அன்றைக்கும் அதைக் காதருகே வைத்து ஆட்டிவிட்டு, "லோபல ஏதோ உந்தி நான்னா, ஓபன் சேத்தாமா?" என்றாள். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். உள்ளே ஏதோ இருக்கிறதாம், திறந்து பார்க்கலாமா என்கிறாள். என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பைலட் இருக்கிறான். நாற்பது வருஷமாக அங்கேதான் கிடக்கிறான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முழுப்பரீட்சை முடிந்த மறுநாள், சொல்லிவைத்த மாதிரி, கண் மஞ்சளித்தது. காமாலை. ஆறு வாரம் வெளியே போகக் கூடாது, வெயில் கூடாது, எண்ணெய் கூடாது, ஓடக் கூடாது. காலையிலும் சாயங்காலமும் கீழாநெல்லி அரைத்த மோர், மத்தியானம் மோர்சாதம், ராத்திரி திரும்பவும் மோர்சாதம். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் மோர் வருவதற்குள் இலையை மூடிவிடுகிறேன். நாங்கள் குடியிருந்த லோத்குண்டாவில் எங்கள் ஜன்னலுக்கு நேரே ராணுவ நிலத்தின் மதில், அதன்மேல் முள்கம்பி. ஜன்னலிலும் கம்பி. கம்பி வழியாகக் கம்பியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஹக்கிம்பேட்டைப் பக்கத்திலிருந்து பயிற்சி விமானங்கள் பறந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு வானத்தை மறைத்துவிட்டதால் எனக்குச் சத்தம் மட்டும்தான் கிடைத்தது. அழுதிருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை.

அக்காவும் அந்தக் கோடையில் அதே அறையில்தான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி எழுதி முடித்து, முதல் வகுப்பிலும் தேறியிருந்தாள். வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வெயிலில் போனால் கறுத்துவிடுவாள் என்று அம்மா அவளை வாசற்படி தாண்ட விடவில்லை. தெரு தாண்டி இருந்த சிநேகிதி பத்மஜா வீட்டுக்கு மட்டும், அதுவும் சாயங்காலம், அரைமணி நேரம். எனக்கு மஞ்சள் பயம், அவளுக்குக் கறுப்புப் பயம். இரண்டு பேரும் ஒரே மின்விசிறியின் கீழ்.

பொழுது போகவேண்டுமே என்று அம்மா எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெலுங்கும் இந்தியும்தான். வேலூரிலிருந்து மாமா கொடுத்தனுப்பும் பழைய வாரப் பத்திரிகைகள்தான் பாடப்புத்தகம். அக்காவையும் உட்காரவைத்துப் பார்த்தாள். "நக்கோம்மா, வேணாம், எனக்கு இருக்கற கெமிஸ்ட்ரியே போதும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். இன்றைக்கும் அக்கா தமிழ் வாய் ஓயாமல் பேசுவாள், ஓர் எழுத்துப் படிக்க வராது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் வந்த கதையைச் சொல்லவில்லையே. அப்பா திருமுல்கேரியில் ஒரு ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே அதிகாரிகளுக்கு மாற்றல் வந்தால், கறுப்பு இரும்புப் பெட்டிகளில் அடங்காததையெல்லாம் ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் பாதி அப்படி வந்ததுதான். கால் ஆடும் ஸ்டூல், மூடி தொலைந்த பிளாஸ்க், யாரோ ஒரு கர்னல் வீட்டு நாய் கடித்த பிரம்பு நாற்காலி. அந்தக் கோடையில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. மேலே மேகத்துக்குள்ளிருந்து பாயும் போர் விமானத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கும் இறக்கை, சக்கரம், குண்டு, ஒரு விரற்கடை உயரத்தில் பைலட். மடித்த வரைபடத் தாள் ஒன்று. பசை டியூப் மட்டும் கல்லாகிக் கிடந்தது.

அப்பா பெருமையோடு ஆபீஸ் கோந்து கொண்டுவந்தார். ராத்திரி ஒட்டிக்கொண்ட இறக்கை காலையில் மின்விசிறி போட்டதும் விழுந்தது. "வெளிநாட்டுச் சாமான், நம்ம கோந்தை மதிக்காது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அக்காதான் காய்ந்த டியூபை மோந்து பார்த்தாள்.

"இது கோந்து இல்லடா. பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. ரெண்டு பக்கமும் கரைஞ்சு ஒண்ணாயிடும். அப்புறம் பிரிக்க முடியாது."

நகப்பூச்சு துடைக்கும் திரவத்தைக் கொஞ்சம் இங்க் புட்டியில் ஊற்றி, உதவாத சட்டத் துண்டுகளைப் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டு மூடினாள். மறுநாள் தேன் பதத்துக்கு வந்திருந்தது. தீக்குச்சி முனையில் தொட்டு வைத்தால் இறக்கை அசையாது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. தினம் மத்தியானம் இரண்டு மணி நேரம் வேலை. சக்கரம், வால், உள் இருக்கை. பைலட்டின் தலைக்கவசத்துக்கு அவளுடைய சிவப்பு நகப்பூச்சு. எனக்கு ஜன்னல் கம்பி மறந்தே போயிற்று.

ஒருநாள் அவள் வரைபடத்தின் அடியில் ஒரு பழுப்பு உறையைச் செருகினாள். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வீட்டுக்கு வந்தால் அப்பா பிரித்துவிடுவார் என்று பத்மஜா வீட்டு விலாசம் கொடுத்திருந்தாள். டிக்கெட்டும் பத்மஜாதான் எடுத்திருந்தாள். வியாழக்கிழமை, கல்லூரியில் சர்டிபிகேட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறுவது என்று ஏற்பாடு.

"யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட கூட."

"பிளேன் இன்னும் முடியலையே."

"வந்து முடிச்சுக்கலாம்."

"வேலை கெடச்சுட்டா?"

"கெடச்சா அங்கயே இருந்துடுவேன்டா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூடிய கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா பத்மஜா வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா கீழாநெல்லி மோரைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் சொல்லிவிட்டேன். "அக்கா நாளைக்கு பாம்பே போறாம்மா. லெட்டர் வந்திருக்கு." யாரும் என்னை மிரட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. வாய் தவறியது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. விமானத்தின் வயிறு இரண்டு பாதியாகத் திறந்து கிடந்தது. அவள் போய்விட்டால் அந்த அறையில் நானும் மோரும்தான் மிச்சம். அதற்காகத்தான் சொன்னேன்.

அம்மா கத்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். அக்காவின் சர்டிபிகேட் பையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வியாழக்கிழமை காலை அக்கா நீலப்புடவை கட்டித் தயாராக வந்து பையைத் தேடியபோது அம்மா சொன்னாள்: "இன்னா தேடற? ரயிலுக்கு நேரமாயிட்ச்சின்னு எங்களுக்கும் தெரியும். புடவையை மாத்து." அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அக்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். "பத்மஜாதான் சொல்லிட்டா" என்றாள். அவ்வளவுதான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவள் அறைக்குள் வந்து, அந்த நீலப்புடவையோடேயே தரையில் உட்கார்ந்தாள். ஜன்னல் விளிம்பில் காய வைத்திருந்த பைலட்டை எடுத்து விமானத்தின் வயிற்றுக்குள் போட்டாள். விளிம்பெல்லாம் பசையைத் தடவி இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தினாள்.

"அக்கா, பைலட்டை சீட்ல ஒட்டவே இல்ல."

"எங்க போயிடப் போறான்? உள்ளயேதான கெடக்கணும்."

மூக்குக்குள் ஏதாவது கனமாக வைத்துவிட்டு மூடும்படி வரைபடத்தில் போட்டிருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அதனால்தான் அது வாலில் உட்கார்ந்திருக்கிறது.

பத்மஜா இரண்டு முறை எங்கள் கேட் வரை வந்தாள். "நா தப்பு ஏமிட்டி?" என்று, தான் செய்த தப்பு என்ன என்று, ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக் கேட்டாள். நான் வாரப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆவணியில் அக்கா கல்யாணமாகி போவன்பள்ளிக்குப் போனாள். அத்தான் நல்ல மனுஷர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கெமிஸ்ட்ரி முழுவதும் சட்டையில் கறை எடுப்பதற்குத்தான் பயன்பட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் மஞ்சள் கறை, துருக்கறை என்று அவளுக்குத்தான் போன் செய்வார்கள்.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி. மூன்றாவது மாடியில்தான் நான் இருக்கிறேன், சன்ஷேடு மறைக்காமல் விமானங்கள் நன்றாகத் தெரிகின்றன. அதிகாரிகள் மாற்றலாகும்போது யார் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரியவில்லை, ராணுவப் பகுதிச் சாலைகளில் பாதிக்கு இப்போது கேட் போட்டுவிட்டார்கள். அம்மா போய்விட்டாள், என்னைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பத்மஜாவின் வீடு இருந்த இடத்தில் ஒரு டயர் கடை. கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் வீட்டை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டார்களாம், எங்கே என்று அவருக்குத் தெரியாது.

நேற்று மறுபடி வெள்ளிக்கிழமை. அக்கா வழக்கம்போல போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து தக்காளியும் முருங்கைக்காயும் சுமந்துகொண்டு வந்தாள். நான் எழுதி வைத்திருந்த தாள்களைப் பார்த்து, "இன்னாடா இது?" என்றாள்.

"நம்ம பிளேன் பத்தி எழுதறேன்."

"எனக்குத்தான் படிக்க வராதே. நீ படி."

படித்தேன். பத்மஜா பெயர் வரும் இடத்தைத் தாண்டிவிட்டேன். மோர்சாதத்துக்குச் சிரித்தாள். ஆபீஸ் கோந்துக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இங்க் புட்டியைப் போட்டியா?" என்று கேட்டு, போட்டிருக்கிறேன் என்றதும் திருப்தியாகத் தலையாட்டினாள். பழுப்பு உறை வரும் இடத்தில் நான் நிறுத்திக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்க்கா."

அவள் என் மடியிலிருந்து மிச்சத் தாள்களை எடுத்துப் புரட்டினாள். "இவ்ளோ எழுதி வச்சிருக்கியே."

"அது வேற."

தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். "எதை வேணா எழுது. அந்த பத்மஜா பேரு மட்டும் நக்கோ. அவ பண்ணதுக்கு அவ பேரு எதுலயும் வரக்கூடாது, தெரிதா?"

"ஹவ்க்கா, சரி" என்றேன்.

தாள்களை என்னிடம் நீட்டினாள். மேலே இருந்த பக்கத்தில் நான் பத்மஜா என்று எழுதியிருந்த வரியின் மேலேயே அவள் கட்டைவிரல் இருந்தது.