பறவைக் கணக்கில் நான்கு முயல்கள்

ஜப்பான்காரர்கள் முயலைப் பறவைக் கணக்கில் எண்ணுவார்கள் என்று எனக்குச் சொன்னவர் அப்பா. ஒரு நாய்க்கு இப்பிக்கி, ஒரு மாட்டுக்கு இத்தோ, முயலுக்கு மட்டும் குருவிக்குச் சொல்வதுபோல ஒன்றுக்கு இச்சிவா, இரண்டுக்கு நிவா. ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் நான் வளர்த்த நான்கு முயல்களை வைத்துத்தான் அவர் இதைப் படித்தார். ஒன்பது வயது வாத்தியாரம்மாவாக நான் கேள்வி கேட்பேன். நாற்பது வயது மாணவர் தலையைச் சொறிவார்.

படிப்பு விளையாட்டுக்கு அல்ல. ஹெப்பகோடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் அவருடைய பிரிவை மூடப்போவதாக இருந்தது. ஜப்பானிய மொழித் தேர்வில் தேறியவர்கள் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் போவார்கள். தேறாதவர்களுக்கு வேலை இல்லை.

தேர்வு எழுதிவிட்டு வந்தவர், நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். எங்களுக்கு அது போதும். எங்கள் சொந்தத்தில் விமானம் ஏறியவர் யாருமில்லை, பொறுமை எங்கிருந்து வரும்? முடிவு தெரியும் முன்பே அம்மாவின் தம்பி, என் மாமா, ஞாயிறு பூசைக்குப் பிறகு வழியனுப்பு விருந்து என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மாலை மாமா கூண்டருகே நின்றார்.

"மச்சான், வெறும் சிக்கன் போட்டா ஜனங்க என்ன சொல்வாங்க? நீங்க போயிட்டா இதுங்கள யாரு பாத்துக்குறது? நாலையும் போட்டுடலாமா?"

நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவர் கூண்டின் பக்கமே திரும்பாமல், "உன் இஷ்டம்ப்பா" என்றார்.

ஞாயிறன்று ஃபாதர் வந்து அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அப்பாவும் சாப்பிட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "கொஞ்சம் கேள்வி கேளும்மா." நான் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டார். பாதிப் பதில்கள் தப்பு. எனக்குத் தெரிந்தும் திருத்தவில்லை.

முடிவு விருந்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே வந்திருந்தது. அவர் தேறவில்லை. மேலாளரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, விருந்துக்குப் பிந்தைய சனிக்கிழமைக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தார். அதிலும் தோற்று, வேலையும் போன பிறகுதான் வீட்டுக்கு எல்லாம் தெரிந்தது. முயல்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தோற்றதை மச்சினனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை.

தேர்வு எழுதி முடித்தவர் எதற்காக இன்னும் படிக்கிறார் என்று அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.