கலையரசி வாசக்காலைச் சோதித்த கதை

சேதராப்பட்டில் ஒரு அட்டைத் தொழிற்சாலை ஆய்வகத்தில் கலையரசிக்குப் பதினோரு வருட வேலை. லாரியில் வந்திறங்கும் சவுக்குக் கட்டையோடு பைன் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூழாக்கும்போது சவுக்கு சீக்கிரம் வெந்துவிடும். பைன் பிடிவாதக்காரன், லேசில் இளகமாட்டான். காரணம் லிக்னின், அதாவது மரத்தின் நார்களைப் பிடித்துவைக்கும் பசை. பைன் லிக்னினில் பெரும்பாலும் ஒரே வகைத் துணுக்கு. சவுக்கு, தேக்கு, ஏன், தொட்டால் ஒடியும் முருங்கையில்கூட இரண்டு வகை. மரச்சீவலை மூன்று மருந்தில் வரிசையாகத் தோய்த்தால் அந்த இரண்டாம் வகை சிவந்து காட்டிக்கொடுக்கும். பைன் பழுப்போடு நின்றுவிடும்.

மூலக்குளத்தில் அவள் வீடு கட்டினாள். வாசக்காலுக்குத் தேக்கு தருவதாகத் தாய்மாமன் அரிகிருஷ்ணன் சபையில் சொல்லியிருந்தார். பெரிய மனசு, அதைவிடப் பெரிய வாய். நிறுத்துகிற நாளன்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையோடு வாசக்கால் வந்திறங்கியது. அதன் ஒரு முனையை அவள் கணவன் நெடுமாறன் ஒற்றைக் கையால் தூக்கினான். தண்ணீர்க் குடத்துக்கே முனகுகிற ஆள். தேக்கு இவ்வளவு லேசாக இருக்காதே என்று கலையரசி கிட்டே போய்த் தட்டிப் பார்த்தாள். பைன் என்றால் அந்தத் தெருக் கரையான் இரண்டே மழைக்காலத்தில் முடித்துவிடும். அந்த வீட்டுக்காகத்தான் அவள் இத்தனை வருடம் அமில நெடியில் மூக்கைக் கொடுத்திருந்தாள்.

"சந்தேகமா? நல்லாப் பாத்துக்க கலை!" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

நல்ல நேரம் முடியப் பத்தே நிமிடம். மாமாவின் வாயை நம்பாமல் ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்திருந்த மூன்று மருந்துப் புட்டிகளைத் திறந்து, மரத்தை மேலாகச் சீவி, பேருக்கு முக்கி முக்கி எடுத்தாள். கடைசி மருந்தான அம்மோனியா பட்டதும் சீவல் செக்கச்செவேலென்று ஆனது.

"பாத்தியா! ஒனக்கு மாப்பிள்ள பாத்ததும் நான்தான். பையன் தேக்குன்னேன். தப்பாப் போச்சா?"

ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்த நாத்தனார் அஞ்சலாட்சி தட்டை நீட்டினாள். "அண்ணி, மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டேன், இதே செவப்புதான் வருது. நீங்க சீவுனது மரத்தயா, மஞ்சளயா?"

கலையரசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுண்ணாம்பைப் போல அம்மோனியாவும் காரம்தான், மஞ்சளைச் சிவக்க வைக்கும். பதினோரு வருட அனுபவம் ஆரத்தித் தட்டில் கரைந்துபோனது.

நல்ல நேரம் போனால் போகட்டும் என்று வாசக்காலைக் கவிழ்த்து, மஞ்சள் படாத உள்மரத்தில் சீவினாள். இந்த முறை ஒவ்வொரு மருந்திலும் முழு நேரம் ஊறவிட்டாள். பழுப்பு. இன்னொரு சீவல். அதுவும் பழுப்பு.

"கடக்காரன் என்ன ஏமாத்திட்டாம்மா," என்றார் மாமா, மாலையைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. "தேக்கோட வாங்க மாமா. அதுவரைக்கும் வாசல் சும்மாக் கெடக்கட்டும்."

புட்டிகளை மூடப் போனவள் சீவுகிற கத்தியோடு நின்று, கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரையும் நீங்கதான தேக்குன்னு சொன்னீங்க?"

நெடுமாறன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.