பக்கத்து வீட்டுக்கு எழும்பிய சனம்

பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய மகனைப் பொலிஸ் அடித்ததற்குக் கிளிநொச்சி ரவுண் சனமே எழும்பி நின்றது. அதற்கு ஒரு மாதம் முன்னர், அதே சந்தியில், அதே பொலிஸ்காரனிடம் என் புருஷன் அடிவாங்கியபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

சிங்களத்தில் கேட்டதற்கு இவர் தமிழில் பதில் சொன்னார். அதுதான் குற்றம். புலி என்று ஏசிக் காதைப் பொத்தி அடித்திருக்கிறான். இடது காது அன்றோடு போயிற்று. என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னவர், ஆஸ்பத்திரியில், "வாய்க்கால் வரம்பில விழுந்திட்டன்" என்றார். எங்கள் பக்கம் பொலிசிடம் அடிவாங்குகிற ஆட்கள் எல்லோரும் வாய்க்கால் வரம்பில்தான் விழுவார்கள். சண்டை முடிந்து முகாமில் இருந்து வந்த சனத்துக்கு வாயைத் திறப்பதைவிட விழுவது சுகம்.

அவள் அப்படியில்லை. மகனை ஓட்டோவில் கிடத்திவிட்டு, ஏ9 வீதியின் நடுவில் குந்தியிருந்து தலையிலடித்துக் கத்தினாள். "தமிழ் கதைச்சதுக்கோ என்ர பிள்ளையை அடிச்சனீங்கள்?" ஓட்டோக்காரர்கள் வீதியை மறித்தார்கள். கடைகளைப் பூட்டினார்கள். கல் பறந்தது, கண்ணீர்ப்புகை வந்தது. எரிப்பதற்குப் பழைய டயர் தேடி ஆட்கள் ஓடினார்கள். எங்கள் உழவு இயந்திரத்தின் டயரை உருட்டிக்கொண்டு போனவர் என் புருஷன்! தன் காதுக்காக ஒரு சொல் சொல்லாத மனிசன், அவளுடைய பிள்ளைக்காக நெருப்பு மூட்டினார். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

பிறகு அவள் வீட்டுக்குப் பெரிய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் உட்காரக் கதிரைகள் எங்கள் வீட்டிலிருந்து போயின. தேத்தண்ணி நான் ஊற்றினேன். ஒருநாள் வழக்கு விசயமாக வந்த லோயர், "அந்தப் பொலிஸ்காரன் வேற ஆருக்கும் அடிச்சவனோ?" என்று கேட்டார்.

நான் தேத்தண்ணித் தட்டத்தை வைத்துவிட்டு, வாசலில் நின்ற என் புருஷனைக் காட்டி, "இவருக்கும் அடிச்சவன்" என்றேன்.

"நான் விழுந்தனான்" என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

அவள் எழும்பி வந்தாள். கத்தவில்லை. "அண்ணை, நீங்கள் அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் என்ர பிள்ளையில கை வைச்சிருப்பானோ?"

இப்படி முகத்துக்கு நேரே கேட்க அவளுக்கு இருந்த வாயைப் பார்த்து அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இவர் வாசலை விட்டு உள்ளே வந்தார். பிறகு ஒரு கதிரையை லோயருக்குக் கிட்ட இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.

"எழுதுங்கோ ஐயா" என்றார். "நான் விழேல்லை."