தாரில் எழுதியதும் அரிசியில் எழுதப்போவதும்

விஜயதசமியன்று என் மகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதலில் எழுத வேண்டியது தமிழா, மலையாளமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நேற்று தட்டில் அரிசியைப் பரப்பி ஒத்திகை பார்த்தேன். (இதற்கும் ஒத்திகை பார்க்கும் அம்மா நான் ஒருத்திதான் இருப்பேன்.) வெளியே பாறசாலை ரோட்டில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை உள்ளே வந்ததும் செங்கல் என்ற பக்கத்து ஊருக்குப் போகும் வழியில் இருந்த ஓடைப் பாலத்துச் சுவர் நினைவுக்கு வந்துவிட்டது.

எல்லைப் போராட்டக் காலத்தில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று யாரோ அதில் தாரால் எழுதியிருந்தார்கள். எல்லை வகுத்தபோது எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள். தார் லேசில் விடுமா? நான் வேலைக்குப் போன காலத்திலும் மழைக்குப் பிறகு எழுத்துகள் பாதி பாதியாகத் தலைகாட்டும்.

வேலை என்றால், திருவனந்தபுரத்தில், நம் கண்ணும் மூளையும் பார்ப்பதுபோல் கணினியைப் பார்க்கப் பழக்குவது. முதலில் சின்னச் சின்னக் கோடுகள், அடுத்து வளைவும் முனையும், அதற்கும் மேலே முழு உருவம். பெருமை தாங்காமல் அந்தச் சுவரைப் படம் எடுத்துக் கொடுத்தேன். கணினி கோடுகளைக் கண்டது, எழுத்தைக் காணவில்லை. ஒரு சுழியை மட்டும் மலையாளம் என்றது. அப்பாவோ படத்தைப் பார்த்ததும் வாசித்துவிட்டார்.

“எப்பிடிப்பா வாசிச்சிய?”

“வாசிச்சனா? காயாத தாருல சாஞ்சு நின்னு பள்ளிக்கூடத்துச் சட்டைய நாசமாக்குனவன் நானாக்கும் மக்கா. அம்மெ அடிச்ச அடி மறக்குமா?”

கணினிக்கு அப்படி யாரும் அடி கொடுக்கவில்லை. அது மறந்தது. மலையாள எழுத்துகளை முழுக்கப் பழக்கிவிட்டுத் தமிழுக்குப் போனோம். தமிழ் வந்தது, மலையாளம் போய்விட்டது. இரண்டையும் கலந்து காட்டிய பிறகே இரண்டும் நின்றன. அந்தப் பயம்தான் இப்போது அரிசித் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை கணினி அல்ல என்று தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா?

“ஸ்கூளு மலையாளமாக்கும். பிள்ளைய குழப்பாதே” என்கிறார் மாமியார்.

“அப்பம் நான் அடி வாங்குனது எதுக்கு?” என்கிறார் அப்பா.

ரோட்டை அகலப்படுத்தியபோது சுவர் போயிற்று. கணினியைப் பழக்கிய எங்கள் குழுவும் கலைந்தது. அந்தக் கணினி எந்த மூலையில் கிடக்கிறதோ. நேற்று நான் இதையெல்லாம் யோசித்து நின்றபோது மகள் அரிசியில் ஒரு கோடு இழுத்து, வளைத்து, சுழி போட்டாள்.

“பாரும்மா!”

எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. எந்த மொழிக்கும் போகக்கூடியது. தட்டைக் கலைக்க மனம் வரவில்லை.

இரண்டு எழுத்தோடு பிள்ளை வளர்த்தவர்களே, விஜயதசமிக்குள் சொல்லுங்கள். நீங்கள் முதலில் எதை எழுதினீர்கள்? இரண்டாவது வந்தபோது முதலாவது தங்கியதா?